பாளையங்கோட்டையில் இறங்கிய பெண்

அறுபதுகளில் ஒரு வருடம், பம்பாய் மாதுங்காவில் குடியிருந்த நானும் என் ஆபீஸ் நண்பனும் லீவு போட்டுவிட்டு, ஆளுக்கொரு பையோடு தெற்கே சுற்றினோம். சத்திரத்தில் தூக்கம், பஸ்ஸில் பயணம்.

திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில், எதிரே உட்கார்ந்திருந்த பெண் எங்களுக்கு இலையோடு இட்லி நீட்டினாள். வாங்கப் போன நண்பனிடம், “வேண்டாம், எந்த லட்சணத்தில் செய்ததோ” என்று இந்தியில் சொன்னேன். அவள் இலையை மடித்துக்கொண்டாள்.

சற்றுக் கழித்து, “தம்பி பம்பாயா? நானும் எட்டு வருசம் தாராவியில இருந்தவதான். இந்தி நல்லாத் தெரியும்” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதன்பின் நான் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

பாளையங்கோட்டையில் இறங்கும்போது, ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். “கருப்பட்டி. எங்க வீட்டுக்காரவுக இன்னும் அங்க தோல் கிடங்குலதான் வேல பாக்காவ. குடுத்துருதியளா?” என்று கேட்டு, பெயரும் அடையாளமும் சொன்னாள்.

பம்பாய் திரும்பியதும் மாதுங்கா ரயில் பாதையைத் தாண்டி, முதல்முறையாகத் தாராவிக்குள் போனேன். அவள் கணவர் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. “அவளப் பாத்து மூணு வருசமாச்சு தம்பி. எப்படி இருக்கா? மெலிஞ்சு போயிட்டாளா?” என்று கேட்டார்.

எனக்கு முகமே நினைவில்லை. “நல்லா இருக்காங்க” என்றேன். அதை அவர் பக்கத்தில் நின்றவரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அவளை ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.