கொதி விழுந்த நிழல்

மதியம் இரண்டு மணிக்கு என் மகள் செல்வி போன் செய்தாள். "அப்பா, வயித்தப் பெரட்டுது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்."

எங்கள் கண்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் பிரிவில் அவள் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் அங்கே சூப்பர்வைசர். ஓடிப்போய்ப் பார்த்தேன். மதில் சுவருக்கும் ஒரு கண்டெய்னருக்கும் இடையிலிருந்த நிழலில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏளா, யாரு பாக்கச் சாப்பிட்ட?" என்றுதான் முதலில் கேட்டேன்.

எங்கள் பக்கம் இந்த நோவைக் கொதி என்போம். வயிறு கொதிப்பதால் வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே கொதி என்றால் தின்னும் ஆசை. மலையாளத்திலும் அதுதான் பொருள். ஒருவர் ஏங்கிப் பார்க்க நாம் சாப்பிட்டால், அந்த ஏக்கம் நம் வயிற்றில் நோவாக இறங்கும் என்று நம்பிக்கை. அதற்கு உப்பை ஓதித் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள்.

அந்த வாரம் அதே நிழலில் சாப்பிட்டு இரண்டு லோடுமேன்கள் வாந்தி எடுத்திருந்தார்கள். அவர்களில் மாடசாமி என்னிடமே வந்து சொன்னான். "அண்ணாச்சி, அங்கன எவனோ நின்னு பாக்கான்."

"ஒன் ஊசிப்போன கொழம்புக்கு எவம்லே ஆசப்படுவான்? உப்பு ஓதிக் குடி, போ" என்று அனுப்பிவிட்டேன்.

செல்வி மெல்லச் சொன்னாள். "யாரும் பாக்கலப்பா. ஒரு காக்காகூட வரல."

தரையைப் பார்த்தேன். முந்தாநாள் மாடசாமி கொட்டிய சோறு காய்ந்து கிடந்தது. ஓர் எறும்பு இல்லை. ஈ இல்லை. சுவரோரம் ஒரு மைனா காலை நீட்டிச் செத்துக் கிடந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பிறகுதான் விசாரித்தேன். கண்டெய்னரில் இருந்தது பருப்பு. பூச்சியைக் கொல்ல, விஷவாயு விடும் ஃபியூமிகேஷன் மாத்திரை போட்டிருந்தார்கள். கதவு ரப்பர் கிழிந்து வாயு கசிந்திருக்கிறது. கதவில் ஒட்டிய எச்சரிக்கை நோட்டீஸைக் கடற்காற்று பிய்த்துவிட்டது. பசைத் தடம் மட்டும் இருந்தது. தினமும் சுற்றிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

செல்வி மூன்று நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். லோடுமேன்கள் இருவரையும் நானே கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். "அங்கன ஒருத்தன் நிக்கான்னு நான் அப்பமே சொன்னேம்லா" என்றான் மாடசாமி.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாருக்காவது வயிறு புரட்டினால், யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

இப்போதெல்லாம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரு பிடி சோற்றைத் தரையில் வைக்கிறேன். ஒரு காக்கையாவது வந்து என் சோற்றை வெறித்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தொண்டையில் இறங்குகிறது.