பூட்டை உடைத்தது நான்தான்

எங்கள் காலனிக்கு அரசு நிதியில் பேரிடர் சாமான்கள் வந்தபோது நான் டவுன்ஷிப்பில் காண்ட்ராக்டில் ரோடு பெருக்கிக்கொண்டிருந்தேன். காலனி டவுன்ஷிப்புக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம். முந்தைய புயலில் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த நிதி ஒதுக்கினார்கள் என்றார்கள். இரண்டு ஸ்ட்ரெச்சர், லைஃப் ஜாக்கெட், தடித்த கயிறு, மரம் அறுக்கும் மிஷின். எங்கள் பெண்களில் பத்துப் பேரைப் பொறுக்கி ஒருநாள் பயிற்சியும் கொடுத்தார்கள். நானும் ஒருத்தி.

பயிற்சி முடிந்ததும் லைஃப் ஜாக்கெட்டோடு வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு கழற்றி வாங்கி, மற்ற சாமான்களோடு பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் வைத்துப் பூட்டினார் பஞ்சாயத்து கிளார்க்.

"சாவி ஒண்ணு எங்ககிட்ட இருக்கட்டுங்க" என்றேன்.

"கவர்மெண்டு சாமான்மா. காணாமப் போனா யாரு பதில் சொல்றது?"

யாரை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று பத்துப் பேருக்கும் புரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும்.

அடுத்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் ஓடை காலனிக்குள் வந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டுப் பெண் நிறைமாதம். அவளுக்கு வலி எடுத்துவிட்டது. புருஷன் திருப்பூரில். ஆம்புலன்ஸ் மெயின்ரோட்டில் நிற்கிறது, அதற்குமேல் வராது. அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்த கிளார்க்குக்குப் போன் போட்டேன்.

"பஸ்ஸு ஓடல, நான் எப்பிடிம்மா வர்றது? ஆபீசர் சொல்லாம தொறக்கவும் கூடாது. பொறுத்துக்கினு இருங்க" என்றார்.

"புள்ள பொறுத்துக்கினு இருக்குமாங்க?"

போனை வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அது மேட்டில் இருந்ததால் அங்கே கணுக்கால் அளவுதான் தண்ணீர். அவள் மாமியார் பின்னாலேயே ஓடி வந்து, "வோணாம்டி, கேசு போட்டுடுவாங்க" என்று அழுதார். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது.

ஸ்ட்ரெச்சரில் அவளைப் படுக்க வைத்துக் கட்டி, ஆறு பேர் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டோம். ஆறு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். ரோட்டோர வேப்பமரம் வரை இழுத்துக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடிதான் நடந்தோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. குறிஞ்சிப்பாடி ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது.

தண்ணீர் வடிந்ததும் விசாரணை வந்தது. பஞ்சாயத்து ஆபீசில் அதிகாரி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிளார்க்.

"பூட்ட ஒடச்சது யாரு?"

"நான்தாங்க."

கூட வந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் சேர்ந்து உடைத்தோம் என்று சொல்லலாம் என வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருந்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒளிந்துகொள்வதற்கு நான் என்ன திருடினேன்?

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தெரியாம செஞ்சிட்டேன், மன்னிக்கவும்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. முடிச்சிடலாம்."

"தெரிஞ்சிதாங்க செஞ்சேன்."

பேப்பரை வாங்கி, நின்றபடியே எழுதினேன். எட்டாவது வரை படித்த கையெழுத்து, கொஞ்சம் கோணல். "பூட்டை உடைத்தது நான். உடைக்காவிட்டால் இரண்டு உயிர் போயிருக்கும். மறுபடி வெள்ளம் வந்து அப்போதும் பூட்டு தொங்கினால் மறுபடி உடைப்பேன்." கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கிளார்க்கைப் பார்த்தார். பேப்பரை ஃபைலில் வைத்தார்.

கேஸ் வரவில்லை. ஆனால் மீட்புக் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். புதுப் பூட்டும் வந்தது. மறுபயிற்சிக்கு ஆட்கள் வந்த அன்று, எங்கள் பெண்கள் ஒன்பது பேரும் படத்துக்கு நிற்க மாட்டோம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாவி கைக்கு வந்த பிறகுதான் எழுந்தார்கள். அது இப்போது பால்வாடி ஆயா வீட்டு ஆணியில் தொங்குகிறது.

என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் போகிறேன், முன்வரிசையில்தான் உட்காருகிறேன். இதுவரை யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை.