வெல்லாமல் இருக்க நான் பட்ட பாடு

கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கினால் ஒரு புளித்த மணம் வரும். நேற்றுக் காலை படலையைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. எங்கள் மதிலில் ஒரு வேட்பாளர், பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு, இரவோடிரவாக வந்து ஒட்டியிருந்தார். என் மனைவி வாளித் தண்ணீரோடு கிழிக்க வந்தாள்.

"விடுகா, பாவம். நானும் ஒருகாலம் இப்பிடி ஒட்டுப்பட்டுக் கிடந்தவன்தானே."

"உங்கள ஆடெல்லோ திண்டது" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். சண்டைக் காலம். மனிதருக்கே மா கிடைக்காத நாட்களில் அது சுவரில் இருந்தால் ஆடு விட்டுவைக்குமா? தேற்றாத்தீவு ஆடுகள் என் சுவரொட்டிகளை நாடியிலிருந்து தொடங்கி மேலே மேலே தின்றுகொண்டு போயின. சில இடங்களில் நெற்றி மட்டும் மிஞ்சியது. கட்சிக்காரர்கள் திட்டினார்கள். எனக்கோ அந்த ஆடுகளின் மேல் அப்படியொரு நன்றி. ஏனென்று சொல்கிறேன்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கிறவனை ஊருக்கே தெரியும் என்பதைத் தவிர அரசியலுக்கு வேண்டிய தகுதி எதுவும் என்னிடம் இல்லை. மாகாண சபைத் தேர்தல் வந்தது. கட்சிப் பட்டியலில் இத்தனை பேர் இருந்தே ஆகவேண்டும், ஒரு பெயர் குறைந்தாலும் வேட்புமனுவைத் தள்ளிவிடுவார்கள். புத்தியுள்ளவர் எவரும் பெயர் கொடுக்காத நேரம் அது. பட்டியலுக்குத் தலைவர் டவுனில் பேர்போன ஒரு சட்டத்தரணி. புரக்டர் ஐயா என்போம். அவர் தேடிக்கொண்டு என்னிடம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. என் மனைவியின் தம்பியைச் சுற்றிவளைப்பொன்றில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்திருந்தார்கள்.

"நீர் பேரைத் தாரும். தேர்தல் முடிய மச்சான நான் எடுத்துத் தாறன். ஆனா ஒண்டு, உம்மட சனத்திர வோட்டு நம்மட சின்னத்துக்கு விழவேணும்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் போய்க் குடியிருப்பான். அவர்கள் கூரையின் கீழ் படுத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளையை எடுக்க ஒரு கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல முடியுமா? போட்டேன்.

மனுத் தாக்கலான கிழமையே, கடை பூட்டும் நேரம் ஒரே சைக்கிளில் இரண்டு இயக்கப் பொடியன்கள் வந்தார்கள். நல்ல மரியாதை.

"அண்ண, குடுத்த பேர இனி எடுக்கேலா எண்டு எங்களுக்கும் தெரியும். நீங்க கேளுங்க. வெண்டிராதீங்க."

"வெண்டா?"

"அதத்தான் சொல்றம், வெண்டிராதீங்க."

ஆகவே என் நிலைமை இதுதான்: மச்சான் வெளியே வர வாக்கு விழவேண்டும், நான் உயிரோடு இருக்க நான் வெல்லக்கூடாது. நல்ல வேளையாக வாக்குச்சீட்டில் ஒரு வசதி இருந்தது. முதலில் கட்சியின் சின்னத்துக்கு ஒரு புள்ளடி. பிறகு அந்தக் கட்சிக்குள் பிடித்தவரின் இலக்கத்துக்கு இன்னொரு புள்ளடி. எனவே வீடுவீடாகப் போனேன். "சின்னத்துக்குப் போடுங்க. என்ர நம்பருக்கு மட்டும் போட்டுராதீங்க. புரக்டர் ஐயாவுக்குப் போடுங்க." இப்படிக் கும்பிட்டுக் கேட்ட வேட்பாளர் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதில் நான் யோசிக்க மறந்தது எங்கள் ஊர் வழக்கத்தை. கோயிலில் ஒரு பொறுப்புக்கு ஆள் கேட்டால், கேட்கப்பட்டவர் உடனே தலையாட்டக்கூடாது. "எனக்கென்னத்துக்கு, வேற ஆளப் பாருங்க" என்று இரண்டு தரமாவது மறுக்க வேண்டும். பாய்ந்து விழுந்து வாங்குகிறவனை ஆசை பிடித்தவன் என்று சனம் ஒதுக்கிவிடும். ஆகவே நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சனத்தின் கண்ணில் நான் உயர்ந்துகொண்டே போனேன். "இப்பிடி ஒரு அடக்கமான மனிசன நாங்க கண்டதில்ல" என்று மீன்காரக் கிழவி ஒருத்தி என் தலையைத் தடவினாள். நான் அடுத்த வீட்டில் இன்னும் பலமாகக் கும்பிட்டேன்.

எல்லோரையும்விட எனக்குப் பயம் அம்மானை நினைத்துத்தான். அம்மான் என் தாயின் அண்ணன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வவுணதீவுக்கு உள்ளே அவருடைய ஊர். அங்கே கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர் அவர். எங்கள் தாய்வழிக் குடிக்கும் அவர் சொல்தான் சொல். அந்தப் பக்கத்தில் யாரும் வாக்களிக்கக்கூடாது என்று இயக்கத்தின் கட்டளை. வாக்குப் பெட்டியோ இந்தப் பக்கம். போட விரும்பினால் பாலத்தைக் கடந்து வந்து போட்டுவிட்டு, சுண்டுவிரலில் மையோடு திரும்பிப் போகவேண்டும். நான் ஆள்விட்டுச் சொன்னேன். கேட்கவில்லை. நேரே போனேன்.

"அம்மான், வராதீங்க. எனக்கு வோட்டு வேணாம். மை விரலோட மறுகா இஞ்சதானே நீங்க இருக்கோணும்."

அவர் வெற்றிலையை மடித்தபடி சிரித்தார்.

"நீ வேணாம் எண்டுதான் சொல்லோணும் மனே. அப்பிடித்தான் உன்ன வளத்திருக்கு. குடிப் பிள்ள ஒண்டு கேட்டு நிக்கக்குள்ள நாங்க வயல் வட்டைக்குள்ள ஒளிச்சிருக்கிறதா? சனம் காறித் துப்பாதா?"

"நான் மெய்யாத்தான் சொல்றன் அம்மான்."

"மெய்யாத்தான் சொல்லோணும்" என்றார்.

தேர்தலன்று இந்தப் பக்க வாக்குச் சாவடிகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிபோல அம்மான் பாலத்தைக் கடந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. பின்னால் எங்கள் குடி, பெண்களும் ஆண்களுமாக, திருவிழாவுக்கு வருவதுபோல. எனக்குச் சந்தோசப்படவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. பெருமையாகவும் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

இரண்டாவதாக வந்தேன். பட்டியலுக்குக் கிடைத்தது ஒரு ஆசனம், அது புரக்டர் ஐயாவுக்கு. கணவன் தோற்றதற்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் என் மனைவிதான். அந்த நிம்மதியும் ஒரு கிழமைதான். வென்றவர் இறந்தால் ஆசனம் அடுத்தவருக்கு வரும் என்று ஒரு கிளாக்கர் விளக்கினார். அன்றிலிருந்து புரக்டர் ஐயாவின் ஆயுளுக்காக நான் வேண்டிக்கொண்டதுபோல் அவருடைய மனைவிகூட வேண்டியிருக்க மாட்டார். அவர் இருமினால் நான் மல்லித்தண்ணியோடு போவேன். நல்லகாலம், அவருக்கு முந்திச் சபை செத்தது, கலைத்துவிட்டார்கள். சொன்ன சொல்லுக்கு மச்சானையும் எடுத்துத் தந்தார். மச்சான் இப்போது சுவிசில். போன் எடுத்தால், "நீங்க கொஞ்சம் உசாரா நிண்டிருந்தா வெண்டிருப்பீங்க அத்தான்" என்பான்.

அம்மானின் ஊரில் மற்றவர்கள் பப்பாசிப் பாலும் சுண்ணாம்பும் போட்டு விரலைத் தேய்த்தார்கள். அவர் தேய்க்கவில்லை. தேர்தல் முடிந்து சில நாளில் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அம்மானின் மகள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"கைய சால்வைக்குள்ள வச்சிக்கங்க அப்பா எண்டன். கேக்கல்ல. வீட்டுக்கு வந்த ஆக்களாம், ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, வாங்க, இரிங்க எண்டார். விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதான் கூட்டிப் போனாங்க."

நான் கேட்டுப் போகாத இடமில்லை. அந்த மரியாதையான பொடியன்களையும் தேடினேன். அவர்களையும் பிறகு யாரும் காணவில்லை.

இப்போது பாலத்தில் சோதனைச் சாவடி இல்லை, மறிப்பார் இல்லை. தேர்தல் நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய் வாக்களித்துவிட்டு, மை பூசிய விரலை நீட்டிப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். பார்க்க எனக்கும் சந்தோசம்தான். அம்மானுக்கு மட்டும் நாங்கள் இன்னும் திவசம் கொடுக்கவில்லை. எந்த நாளில் கொடுப்பது என்று எவருக்கும் தெரியாது.