கோட்டுப்பைக் கேமரா

பதுளையில் எங்கள் ஜவுளிக்கடை நடந்த காலத்தில், ஒருவரைப் படம் எடுத்தாயிற்று என்றால் அவர் செத்துப்போனார் என்று அர்த்தம். தோட்டத்துத் துரைமாரும் ஒன்றிரண்டு பெரிய கங்காணிகளும் இதற்கு விலக்கு. எங்கள் மாதிரிக் கடைக்காரக் குடும்பங்களில், உயிரோடு இருக்கிறவரைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மூச்சு நின்ற பிறகுதான் ஊரில் இருந்த ஒரே ஸ்டுடியோக்காரருக்கு ஆள் அனுப்புவார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, பொட்டிட்டு, மாலை போட்டிருப்பார்கள். அவர் படம் பிடித்துக்கொண்டு போய், அதில் மூடியிருக்கும் இமைகளின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண்களை எழுதிக் கொண்டுவந்து தருவார். அதைச் சட்டம் போட்டு மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் பூ வைப்போம்.

என் மனைவியும் பதுளைக்காரி; அப்படி ஒரு படத்தின் கீழே வளர்ந்தவள். அவள் தவழ்கிற வயதிலேயே தாய் போய்விட்டாள். தாயென்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாற்காலியும் எழுதிய கண்களும்தான். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். சுவரில் மாட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. சேலைகளுக்கு அடியில் குப்புறக் கிடந்தது.

எங்கள் மகள் நடை பழகுவதற்கு முன்னால் என் மனைவிக்கு இருமல் பிடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர் சயரோகம் என்றார்; பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள் என்றார். பின்கட்டு அறையில் இவளும், முன்கட்டில் பிள்ளையும். நடுவில் ஒரு ஜன்னல். பெற்ற பிள்ளையை ஜன்னல் கம்பி வழியாகப் பார்க்கிற கொடுமை எதிரிக்கும் வேண்டாம்.

ஒரு நாள் கஞ்சி கொண்டுபோனபோது சொன்னாள். "என்னங்க, நான் போயிட்டா அந்த ஸ்டுடியோக்காரரக் கூப்புடாதீங்க."

"வாய மூடு. போறாளாம், பெருசா!" என்று சீறினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அது அவளுக்கும் தெரியும்.

"எங்கம்மா படம் பாத்துக்கிட்டே இருக்கும். ஆனா என்னையப் பாக்காது. எம்புள்ளைக்கு அப்படி ஒரு அம்மா வேணாங்க. உசுரோட இருக்கும்போதே ஒண்ணு எடுத்துருங்க. அது போதும் எனக்கு."

வீட்டுக்கும் கடைக்கும் அண்ணன்தான் பெரியவர். அவரிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். எடுத்த வாக்கிலேயே எரிந்து விழுந்தார்.

"ஏன்டா, எமனுக்கு வழி தெரியலன்னா நீ கையப் புடிச்சுக் கூட்டியாறியா? சீக்காளியப் படம் புடிக்கணுமாம்! இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்த, தொலைச்சுப்புடுவேன்."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவளைப் பெற்ற மகளாகவே வைத்திருந்தார். கதிர்காமத்து முருகனுக்கு முடி நேர்ந்துகொள்ளச் சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து நான் தலையிலும் முகத்திலும் கத்தி படவிடவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அண்ணன் மறித்தார். நான் எடுக்க நினைத்ததும் அதே மாதிரி ஓர் ஆசையில்தான். இரண்டு ஆசையும் ஒரே வீட்டில் முட்டிக்கொண்டு நின்றன.

ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கு அழைக்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அப்போதுதான் ஸ்பிரிங்வெளி ஞாபகம் வந்தது. அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் துணி மூட்டையோடு மாதா மாதம் போவேன். ஒருமுறை அங்கே, ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், சின்னத்துரை ஒருவர் கோட்டுப் பையிலிருந்து என்னவோ எடுத்தார். புகையிலை டப்பா அளவுதான் இருக்கும். விரித்து, தன் நாயைப் படம் பிடித்தார். நாயை! லயத்துப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமும் என்னைப் பார்த்து நன்றாகவே குரைத்தது.

ரயில் அப்போது பண்டாரவளை வரைக்கும்தான்; அதுவரை மாட்டு வண்டியில் போய் ஏற வேண்டும். வழக்கமாகக் கொழும்புக்குத் துணி எடுக்கப் போகிற பயணத்தில், அங்கே கோட்டைப் பகுதியிலிருந்த வெள்ளைக்காரக் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். தாடியும் வேட்டியும் கோட்டுமாக நின்ற என்னைப் பார்த்து, விற்பனைக்கு நின்ற யாழ்ப்பாணத்து ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீங்கள் எதைப் படம் பிடிக்கப் போறியள்? கலியாண வீடோ?"

"ஒரு முகத்தை" என்றேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு பெட்டிக் கேமராவை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் மலிவு, யார் அமுக்கினாலும் படம் விழும் என்றார். ஆனால் பிஸ்கட் டின் மாதிரி இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் எப்படி நடமாடுவது? இரண்டாவது, கண்ணாடித் தகடு போடுகிற மடக்குக் கேமரா. அதன் படங்களைக் காட்டினார். கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு முக்காலி வேண்டும். விலையைக் கேட்டபோது கையை எடுத்துவிட்டேன். மூன்றாவது, சின்னத்துரை வைத்திருந்த சாதி. மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கும். இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரிச் சின்னத் தோல் மடிப்பு விரியும். கைக்கடிகாரம் வாங்க ஒதுக்கி வைத்திருந்ததைக் கொடுத்தால் கட்டுப்படியாகும்.

"இதில குறையும் இருக்கு" என்றார் அவர், மறைக்காமல். "நல்ல வெய்யில் வேணும். எட்டடிக்குக் கிட்டப் போனால் முகம் கலங்கிப்போம். படமும் சின்னனாத்தான் வரும்."

நெடுநேரம் மூன்றையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். நல்ல படம் எது தரும் என்று யோசித்தால் இரண்டாவது. கையைக் கடிக்காதது எது என்றால் முதலாவது. ஆனால் என் கணக்கு வேறு. அவள் எழுந்து முற்றத்துக்கு வரக்கூடிய நாள் ஒன்று வேண்டும்; அன்றைக்குப் பதுளை மலையில் மூட்டம் விலகி வெயில் அடிக்க வேண்டும்; அன்றைக்கே அண்ணன் வீட்டில் இருக்கக்கூடாது. இந்த மூன்றும் எந்த நாளில் கூடிவரும் என்று எந்தச் சோசியன் சொல்லுவான்? அந்த நாளில் கேமரா பெட்டியிலோ பரணிலோ இருந்தால் போயே போச்சு. என் மேலேயே இருக்க வேண்டும். அதனால் மூன்றாவதை வாங்கினேன்.

அன்றிலிருந்து அது என் கோட்டு உள்பையில்தான். கடையில் துணி கிழிக்கும்போது நெஞ்சில் இடிக்கும். பசறைக்கு மாட்டு வண்டியில் போகும்போது கையால் பொத்திக்கொள்வேன். "என்னடா, நெஞ்சு வலியா?" என்று அண்ணன் ஒருமுறை பதறிப்போய்க் கேட்டார். வாயு என்றேன். மழை மாதம் வந்தது. வெயில் அடித்த நாளில் அவளால் எழ முடியவில்லை. அவள் எழுந்த நாளில் வானம் கறுத்துக் கிடந்தது. இரண்டும் சரியாக அமைந்த நாளில் அண்ணன் முற்றத்திலேயே நாற்காலி போட்டு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை முருகன்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஒரு காலை, அண்ணன் ஒரு கல்யாணத்துக்காகப் பசறைக்குப் போயிருந்தார். மூட்டம் கலைந்து பளீரென்று வெயில். அவளாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். தலை சீவி, பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் அந்த வெயிலில் அவள் எனக்கு அழகாகத்தான் இருந்தாள்.

எட்டடி அளந்து பின்னால் போனேன். அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே பதித்திருக்கும் விரற்கடைக் கண்ணாடிக்குள் குனிந்து தேட வேண்டும். நான் இடதுபுறம் திருப்பினால் அவள் வலதுபுறம் ஓடுகிறாள். தாடி வேறு கண்ணாடியை மறைக்கிறது. தாடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, பிருஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு முற்றம் முழுவதும் நகர்ந்தேன்.

"என்னங்க இது, அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி!" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அமுக்கிவிட்டேன். மறு நொடி சிரிப்பு இருமலாக மாறியது. அன்றைக்குப் பிறகு அவள் முற்றத்துக்கு வரவே இல்லை.

கொழும்புக்கு அனுப்பினால் வாரக்கணக்காகும். அவளுக்கு அவ்வளவு நாள் இருக்குமோ என்று பயந்து, பதுளை ஸ்டுடியோக்காரரிடமே சுருளைக் கொடுத்தேன். வயசானவர், அடக்கமான மனுஷர்.

"யாருங்க, முதலாளி?"

"வீட்டுக்காரி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என் தாடியைப் பார்த்தார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பப் போனபோது படம் தயாராக இருந்தது. பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, ஓரத்தில் கொடி வரைந்திருந்தார். நடுவில் என் மனைவி, என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டமான, பெரிய, அசையாத கண்கள். கீழே வாய் சிரித்தது. மேலே கண்கள் சிரிக்கவில்லை.

"காசெல்லாம் வேணாங்க" என்றார். "சுமங்கலியாப் போன புண்ணியவதி. என்னால ஆனது."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினேன். "யோவ்! எம் பொண்டாட்டி வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்காய்யா!"

மனுஷர் ஆடிப்போனார். கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். "மன்னிச்சிருங்க முதலாளி. கண்ணு மூடியிருந்துச்சு... உங்க தாடியும் துக்கத் தாடியாட்டம்... எங்கிட்ட வர்ற பொம்பளங்க எல்லாமே போனவங்கதாங்க. உசுரோட ஒரு அம்மாவ நான் ஃபிலிமுல கழுவிப் பாத்ததே இல்லைங்க."

அவரை மேலும் திட்ட வாய் வரவில்லை. நல்ல வேளையாக, கண் எழுதியது காகிதத்தில்தான். ஃபிலிமில் அவர் கை வைக்கவில்லை. தூரிகை படாத சின்னப் படம் ஒன்று அப்போதே போட்டுக் கொடுத்தார். வெயிலில் சிரித்ததில் அவள் கண்கள் இறுக மூடியிருந்தன.

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரியதை மறைத்துவிடத்தான் நினைத்தேன். கையிலிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். வாங்கி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து தாயின் படத்தை எடுத்துத் தரச் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே கண்கள். அந்த வளைவு, அந்த வெறிப்பு, கண்மணியில் வைத்த அந்த வெள்ளைப் புள்ளி, எல்லாமே ஒன்று.

"எழுதுன கண்ணுன்னு தெரியுங்க" என்றாள். "ஆனாலும் எங்கம்மாவத் தெரிஞ்ச யாரையாச்சும் கேட்டு, அது மாதிரி எழுதியிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இது அந்த ஆளு கண்ணு. எல்லாருக்கும் இதையேதான் வச்சிருக்காரு."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பெரிய படத்தை அடுப்பில் போடச் சொன்னாள். சின்னதை எடுத்துக்கொண்டாள். "இது நான். பாப்பாவுக்கு இது போதும்."

"கண்ணு மூடியிருக்கேம்மா. இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

"சிரிச்சா எனக்குக் கண்ணு மூடிக்கும். இவ்வளவு நாள் கூட இருந்து இது தெரியாதா உங்களுக்கு?"

அந்த மழை மாதம் முடிவதற்குள் போய்விட்டாள். குளிப்பாட்டி நாற்காலி போட்டார்கள். அண்ணன் ஸ்டுடியோக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டார். அவர் முக்காலியோடு வந்து வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"ஏன்டா வேணாங்குற?" என்றார் அண்ணன்.

"படம் இருக்கு, அண்ணே. முன்னாடியே எடுத்துட்டேன்."

முற்றத்தில் அழுகை நின்றுபோனது. அண்ணன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "நீதான்டா கொன்ன! எம் பொண்ண நீதான்டா கொன்னுட்ட!" என்று அத்தனை பேர் முன்னால் கதறினார். நான் கோபக்காரன், அன்றைக்கு மட்டும் அவர் கையைத் தட்டிவிடவில்லை. ஸ்டுடியோக்காரர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சின்னப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாரும் மூடிய கண்களைப் பார்த்து, "பாவம், தூங்குற மாதிரியே போயிருக்கா" என்று உச்சுக்கொட்டுவார்கள். கண் எழுதாமல் விட்டது ஏன் என்று சிலர் கேட்பார்கள். உயிரோடு எடுத்தது என்று சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சொல்லாமல் விட்டேன். அண்ணன் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பமாட்டார். வருஷக்கணக்கில் ஒரு தடவைகூட அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. எதற்காக இவ்வளவு பாடுபட்டேன், இதுவும் ஒரு பிணப் படமாகத்தானே ஆகிவிட்டது என்று மனசு விட்டுப்போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு. ஸ்டூல் போட்டு ஏறி, படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். இறங்காமல் அங்கேயே நின்று பார்த்தாள்.

"அப்பா, அம்மா யாரப் பாத்து இப்படிச் சிரிக்கிறாங்க?"

"என்னப் பாத்துத்தான்" என்று எப்படியோ சொன்னேன்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, மகளுக்குப் பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாடா" என்றார். "சிரிக்கிறா."