பழைய மேனேஜரின் நம்பர்

பிள்ளைகளா, நேற்று போனில் பெரிய பாப்பா கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பாப்பா, நீ எர்ணாகுளத்தில் துணிக்கடை மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டாய். இப்போது புதுக் கடையில் பழைய இடத்து நம்பரைக் கேட்கிறார்கள். "குடுக்கலாமாப்பா? அந்த ஆளு என்னையப் பத்தி நல்லதாச் சொல்லுவாரா?" என்றாய். போனில் பேசினால் எனக்குப் பாதி மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும், அவனுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எனக்கும் இதே பாடுதான். உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். அம்மா சின்னக்கானலில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். நான் சாந்தன்பாறை பக்கம் ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் இருந்தேன். பறித்து வந்த பச்சைக்காயை உலர்த்தி, சலித்து, மூட்டை பிடிக்கிற இடம். சாவி என்னிடம்தான் இருக்கும்.

அங்கே வேலை செய்கிறவன் மேலெல்லாம் ஏலக்காய் மணக்கும். குளித்தாலும் போகாது. நான் டீக்கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர், "அண்ணன் வந்தாச்சு, இனி டீக்கு ஏலக்காய் போட வேண்டாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

ஒரு சீசனில் காய் குறைகிறது என்று பேச்சு வந்தது. வண்டன்மேடு ஏலத்துக்குப் போகிற மூட்டையில் எடை சரியில்லையாம். யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேனேஜர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் பையையும் தூக்குச்சட்டியையும் திறந்து காட்ட வேண்டும். முதல் நாள் காய் பொறுக்குகிற பெண்கள் மட்டும் காட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. மறுநாள் என்னையும் நிறுத்தினார்.

தூக்குச்சட்டியில் மிச்சம் தயிர்ச்சோறு இருந்தது. மூடியைத் திறந்தார். மேலே பார்த்தது போதாதென்று ஒரு ஸ்பூனை எடுத்து அடிவரைக்கும் கிண்டினார்.

"சோத்துல என்னத்தத் தேடுறீய?" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்," என்றார்.

"சாவி வச்சிருக்கவன் சோத்தக் கிண்டுனா அப்புறம் சாவி எதுக்கு?"

சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன். ரோட்டுக்கு ஏறின பிறகுதான் யோசித்தேன், காய் குறைகிற நேரத்தில் சாவிக்காரன் கோபித்துக்கொண்டு போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று.

அதற்குப் பிறகு டீக்கடையில் அந்தப் பழைய கேலியை யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். நின்றதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஒருநாள் ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூக்கை உறிஞ்சினார். சளியாக இருக்கலாம். என் மேல் காய் மணக்கிறதா என்று பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது.

பூப்பாறையில் ஒரு குடோனில் வேலை கேட்டேன். முன்னால் எங்கே இருந்தாய் என்றார்கள். சொன்னேன். "விளிக்காம்" என்றார்கள்; கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். கூப்பிடவில்லை. பிறகு ஒரு ஹோம்ஸ்டேயில் கேட்டேன். அங்கேயும் அதேதான். அதற்கடுத்த நாள் அந்த ஹோம்ஸ்டே வாசலில் மேனேஜரின் ஜீப் நின்றதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அந்த மனுஷன் இடம் இடமாகப் போய், 'அவன் காய் எடுத்தவன்' என்று சொல்லி வைக்கிறான்.

அம்மாதான் சத்தம் போட்டாள். "அந்த ஆளுக்கு ஒங்க பேரக் கெடுக்கறதுதான் சோலியா? எஸ்டேட்ட யாரு பாக்கறது?"

"ஜீப்பு நின்னுச்சுல்ல?"

"ஜீப்புன்னா நிக்கத்தான் செய்யும்."

அவளுடைய சித்தப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வரச் சொல்லிக்கொண்டே இருந்தான். அங்கே பழைய இடத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்களாம். போனால் உங்களைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பார்க்கலாம். அம்மா வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும், அதனால் நான் தனியாகத்தான் போகவேண்டியிருக்கும். எனக்கு அதுதான் பயம். பேர் கெடுவதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அந்த நேரத்தில் சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள். அரிசி, எண்ணெய், சோப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் இருக்கிற அறை. ஆபீஸில் இருந்த மேடம் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர் பக்கத்துக்காரர். மரியாதையாகப் பேசினார். "ஏனுங்க, இது சாவி கைல இருக்கற வேலைங்க. முன்னாடி இருந்த எடத்து மேனேஜர் நம்பர் குடுத்துட்டுப் போங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க." நம்பர் கையில் இல்லை, கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நம்பர் என் போனிலேயே இருந்தது.

உங்கள் மாமாவிடம் சொன்னேன். அப்போது அவன் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். மலையாளம் தண்ணி பட்ட பாடு.

"இம்புட்டுதானா மச்சான்? நாம மொதல்ல கூப்புட்டுக் கேப்போம். நான்தான் ரிசார்ட்டு. என்ன சொல்றாருன்னு தெரிஞ்சுக்கிட்டா, நம்பரக் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"கோட்டு சூட்டு போட்டவன் மாதிரி பேசுவேன், பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் விளையாடப் போயிருந்தீர்கள். மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டான். போனில் பேசப்போகிறவனுக்குப் பொத்தான் எதற்கு என்று அம்மா சிரித்தாள். தன் போனில் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ, ஆராணு?" மேனேஜரின் குரல்.

மாமா ரிசார்ட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னான். நன்றாகத்தான் பேசினான். சாரே, சாரே என்று அப்படி ஒரு பவிசு. என் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று கேட்டான். பேச்சு மலையாளத்தில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

"வேலை தெரிஞ்சவன்," என்றார் மேனேஜர். "கோபக்காரன்."

"கை எப்படி சாரே?"

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான் பார்த்த வரைக்கும் எதுவும் எடுத்ததில்லை," என்றார். "வேற ஏதும் கேக்கணுமா?"

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை வைக்கிற அவசரத்தில், "ரொம்ப உபகாரம் தொரை!" என்று தமிழில் சொல்லிவிட்டான். எங்கள் பக்கத்தில் எஸ்டேட் மேனேஜர் யாராக இருந்தாலும் எங்களுக்குத் தொரைதான். லயத்தில் பிறந்த வாய்க்கு அது தானாக வரும். ரிசார்ட்டில் கோட்டு போட்டவன் வாயில் ஒருநாளும் வராது.

மேனேஜரும் போனை வைக்கவில்லை. தமிழில் கேட்டார்: "நீ எந்த லயம்டா?"

மாமா போனைச் சுடுசட்டி மாதிரி என் கையில் திணித்தான்.

"அவன் பக்கத்துலதான இருக்கான்? பேசச் சொல்லு."

"நான்தான் சார்."

"என்னைப் பத்தி என்ன நெனச்சுட்டு இருக்கே நீ?"

"என் சோத்தக் கிண்டும்போது நீங்க என்ன நெனச்சீகளோ, அதேதான் சார்."

"சாவிய எறிஞ்சிட்டுப் போனவன்தான நீ?"

"எறியல. வச்சேன்."

"வச்ச சாவி எப்படிடா தரைல கெடந்துச்சு?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பூப்பாறை குடோன்ல என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எந்தக் குடோன்? ஒன்னப் பத்தி இதுவரைக்கும் ஒரு மனுஷனும் என்கிட்ட கேட்டதில்ல. மொதல்ல கேட்டது நீதான்."

"ஹோம்ஸ்டே வாசல்ல ஜீப் நின்னுச்சே?"

"என் மச்சினன் வந்து தங்கியிருந்தான். அதுக்கும் ஒன்கிட்ட அனுமதி கேக்கணுமா?"

"ரிசார்ட்டு மேடம் நெஜமாவே கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதச் சொல்லுவேன்," என்று வைத்துவிட்டார்.

மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "மச்சான், என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். அவன் நம்பரக் குடுத்து, அவன்தான் பழைய மேனேஜர்னு சொல்லிருவோமா?"

"அவனும் தொரைன்னு சொல்றதுக்கா?" என்றாள் அம்மா.

எனக்கு நிம்மதி வரவில்லை. உள்ளதைச் சொல்லுவேன் என்றால் எது உள்ளது? மாமாவிடம் நல்லதாகச் சொன்னது, ஆள் யாரென்று முதலிலேயே தெரிந்துகொண்டுதானோ? இப்போது ஆள் வைத்து வேவு பார்த்தான் என்ற கோபமும் சேர்ந்திருக்குமே? மச்சினன் கதை நிஜமா? இப்படியே விடியவிடியப் புரண்டேன்.

காலையில் ரிசார்ட்டுக்குப் போனேன். மேடத்திடம் நம்பரைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். காய் குறைந்தது, சோற்றைக் கிண்டியது, சாவி தரையில் விழுந்தது, மாமா பேசியது வரைக்கும். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தக் காய எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

"நான் இருந்தவரைக்கும் தெரியலம்மா."

"செரிங்க, இருங்க."

போனை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. நடுவில் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. திருப்பூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வந்து, "திங்கக்கெழம வந்துருங்க," என்றார்.

"அவரு என்ன சொன்னாரும்மா?"

"அதெல்லாம் நாங்க சொல்லக்கூடாதுங்க."

அந்த ரிசார்ட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். அந்த மேடம் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். மேனேஜர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நல்லதாகச் சொன்னாரா, கெட்டதாகச் சொல்லியும் ஆள் கிடைக்காமல் என்னை எடுத்தார்களா, உண்மையிலேயே அவரோடுதான் பேசினாரா, எதுவும் தெரியாது. சில நாள் அதை நினைத்தால் இப்போதும் குடைகிறது.

பாப்பா, நான் சொல்ல வந்தது இதுதான். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று நாம் இங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது. வேறு ஒருத்தரின் நம்பரைக் கொடுக்காதே. மாமா மாதிரி ஆளை விட்டுப் பேசவும் வேண்டாம். நம்பரைக் கொடு, ஆனால் சண்டையை முதலில் நீ உன் வாயால் சொல்லிவிடு. உன் பக்கத்துத் தப்பையும் சேர்த்துச் சொல். அவர் சொல்லப்போவது அவர் பாடு.

அன்றைக்கு வேலை கிடைத்ததும் நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. ரிசார்ட்டுக்குப் பின்னால் சலவைக்காரர் விரிப்பெல்லாம் காயப்போடுகிற மேடு ஒன்று உண்டு. அங்கே யாருமில்லை. என்னைக் கூப்பிட்டு அந்த மேனேஜர் ஆள் எப்படி என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தோன்றியது. ஈர விரிப்புகளுக்கு நடுவே நின்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "வேலை தெரிஞ்சவர். யார் சம்பளத்தையும் பிடிச்சதில்ல. சந்தேகக்காரர்." சொல்லிவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு விரிப்பையும் விலக்கிப் பார்த்தேன்.