டிராகன் தோலை ரிஜெக்ட் செய்தவன்

போன வாரம் நான் ஒரு டிராகனைக் கொன்றேன்.

சிரிக்காதீர்கள். வாளால் வெட்டித்தான் கொன்றேன். அதுவும் கம்பெனி உத்தரவின் பேரில். இதை என் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதா, மெடிக்கல் லீவில் சேர்ப்பதா என்று பர்சனல் டிபார்ட்மென்ட் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரி. வெளிநாட்டு பையர்களிடம் பேசிப் பழகி ஆர்டர் வாங்குகிற மெர்ச்சண்டைசர் வேலை. பேசுவது கம்மி, பழகுவதுதான் ஜாஸ்தி.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. பையருக்கு எது பிடிக்குமோ அது எங்களுக்கும் பிடித்தாக வேண்டும். பிறந்ததிலிருந்தே பிடித்திருக்க வேண்டும்! முன்பு ஒருவர் வந்தார், பறவை பார்க்கிறவர். ஜி.எம். உடனே பைனாகுலர்களை வரவழைத்து எங்கள் பிரிவையே ஏரிக்கரையில் நிறுத்திவிட்டார். காக்கா, கொக்கு தவிர எதையும் அறியாத நாங்கள் வானத்தைப் பார்த்து "ஆஹா... ஆஹா" என்றோம். ஆர்டர் வந்துவிட்டது. அதற்கப்புறம் மனிதர் அந்த வழக்கத்தை விடுவாரா?

இந்த முறை வரவிருந்தவர் ஜெர்மனிக்காரர். பெயர் ஸ்டெஃபன். ஜி.எம். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"யோவ், அந்தாளு கம்ப்யூட்டர்ல கேம் ஆடுவாராம்யா. கத்தி, மந்திரம், டிராகன்... இன்னான்னமோ சொல்றாங்க. மூணாவது பார்ட் இப்பதான் வந்துருக்குதாம். மெயில்லகூட அதைத்தான் எழுதறாரு. நீ கத்துக்க."

"சார், எனக்கு சீட்டாட்டமே தெரியாது சார்."

"பறவை மட்டும் தெரிஞ்சுதா? கத்துக்கய்யா! லெதர் லாட் பேஜாரா கெடக்குது. அந்தாளு குஷியா இருந்தாதான் பாஸ் ஆவும்."

விஷயம் அதுதான். பெண்களுக்கான குளிர்கால பூட்ஸுக்கு ஆட்டுத்தோல் வாங்கி வைத்திருந்தோம். மழை பொய்த்த வருஷம். பாவம், ஆடுகள் முள் புதருக்குள் நுழைந்து மேய்ந்திருக்கின்றன. தோலெல்லாம் கீறல். ஸ்டெஃபன் பெரிய மனசு பண்ணி "இயற்கையான அடையாளம்தானே" என்று தலையாட்டினால் ஆர்டர் நிற்கும். ஆட்டாவிட்டால் ஒரு தையல் லைனை மூட வேண்டியதுதான்.

அந்த லைனுக்கு சூப்பர்வைசர் கலா அக்கா. ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். அந்தப் பஸ் நிறைய வரும் பெண்கள் எல்லாம் அவர் லைன்தான். ஜி.எம். அறையில் பேசியது எப்படித்தான் அவர் காதுக்குப் போனதோ, கேன்டீன் வாசலில் என்னை மடக்கிவிட்டார்.

"சார், லைன் ஓடணும் சார். நீங்க பேயோட சண்ட போடுவீங்களோ, பூதத்தோட போடுவீங்களோ... எனுக்குத் தெரியாது. ஓடணும்."

ஆக, குடும்பஸ்தனான நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வாளை எடுத்தேன்.

முதல் இரண்டு பாகங்களை நான் ஆடியதில்லை. மூன்றாவதில் நேராக நுழைந்தால் எப்படி இருக்கும்? மனைவி வழிச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தனியாகப் போன மாதிரி இருக்கும். பார்க்கிறவன் எல்லாம் நம்மைத் தெரிந்தவன் போலப் பேசுகிறான். ஊருக்குள் காலை வைத்ததும் ஒரு தாடிக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "உன் அண்ணனை மன்னித்துவிட்டாயா?" என்றார். எந்த அண்ணன்? என்ன செய்தான்? எதற்கும் இருக்கட்டும் என்று மன்னித்துவிட்டேன். அடுத்த தெருவில் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் பாகத்தில் நான் என்ன அக்கிரமம் செய்தேனோ... அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

என் மனைவி ஜெசி டீச்சர். திருத்த வேண்டிய பேப்பர் கட்டோடு பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, ஹால்ல டியூப்லைட் எரியலன்னு சொல்லி எவ்ளோ நாளாச்சு? உலகத்தக் காப்பாத்திட்டு வந்து மாத்துவீங்களா?"

"ஆபீஸ் வேலைம்மா."

"நல்ல ஆபீஸு!"

அவளைக் குறை சொல்ல முடியுமா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதிலும் அந்த ஓநாய்! ஒரு வெட்டு வெட்டினேன். விழுந்தது. விழுந்த இடத்திலேயே பளபளவென்று ஃபினிஷ் செய்த லெதர்! உப்புப் போடவில்லை, சுண்ணாம்பில் ஊறவில்லை, டிரம்மில் சுற்றவில்லை. கழிவுத் தண்ணி எங்கே போகிறது என்று கேட்க ஒரு அதிகாரியும் ஜீப்பில் வந்து இறங்கவில்லை. இந்த டெக்னாலஜி மட்டும் எங்கள் ஊருக்குக் கிடைத்தால் பாலாறு இந்நேரம் பாடிக்கொண்டு ஓடும்.

பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தேன். ஆம்பூர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அந்த ஊர்க் கொல்லர் எனக்கு ஒரு கவசம் பரிசளித்தார். கிழட்டு டிராகன் ஒன்றின் தோலில் செய்தது. கைப்பழக்கம் விடுமா? கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தோள்பட்டையில் நீளமாகக் கீறல். முதுகில் தீக்காயம். ஓரத்தில் ஓட்டை. அட, இதை எவன் செலெக்‌ஷனில் பாஸ் பண்ணினான்? நேராக ஒரு வியாபாரியிடம் போய் அதைத் தள்ளிவிட்டு, மாசு மருவில்லாத கன்றுக்குட்டித் தோல் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன். அவன் பேரமே பேசாமல் கொடுத்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏ கிரேடு லெதரில் மாப்பிள்ளை மாதிரி போய் டிராகன் முன்னால் நின்றேன். அது ஒரு மூச்சு விட்டது. செத்தேன். மறுபடி போனேன். மறுபடி செத்தேன். சலிக்காமல் செத்தேன். நடுவில் கரண்ட் போய், சேவ் செய்யாத உயிரும் போனது.

கடைசியில் உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தால்... அந்தக் கேமில் தோலில் எவ்வளவு தழும்போ அவ்வளவு பலமாம்! நான் தள்ளிவிட்டதுதான் அந்த நாட்டிலேயே உசத்தியான கவசமாம்! தலையில் அடித்துக்கொண்டு பழைய இடத்திலிருந்து திரும்ப ஆடி, அதே கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். டிராகன் ஊதியது, ஊதியது, ஊதிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்டிச் சாய்த்துவிட்டேன். என்னையும் அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன் என்று ஜெசி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டெஃபன் வந்தார். பிரியாணியும் கத்தரிக்காயும் பரிமாறிவிட்டு மெதுவாகப் பேச்சை எடுத்தேன். டிராகன் கவசத்தை நான் ரிஜெக்ட் செய்த கதையைச் சொன்னதும், மனிதர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கீறல் இருந்ததாலா? நிஜமாகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். என் முதுகில் தட்டினார். தாடிக்காரர் யார், அண்ணன் என்ன செய்தான் என்று இரண்டு பாகக் கதையையும் விளக்கினார். ஜி.எம். மேஜைக்குக் கீழே என் காலை மிதித்து, பிரமோஷன் நிச்சயம் என்பது போலக் கண்ணடித்தார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷன். குறையுள்ள இடத்தைக் குறிக்கிற சில்வர் பேனாவும் கையுமாக ஸ்டெஃபன் லெதர் டேபிளுக்கு வந்தார். முதல் தோலை விரித்தார். கீறல். வட்டம் போட்டார். அடுத்தது. கீறல். வட்டம். முந்தின நாள் முதுகில் தட்டிய அதே கை!

என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், இதுவும் அதே கீறல்தான். கேமில் இதுதானே உசத்தி?"

நிமிர்ந்து பார்த்தார். அன்பாகத்தான் சிரித்தார்.

"நண்பரே, அதைப் போட்டுக்கொள்கிறவன் டிராகனோடு சண்டைக்குப் போகிறான். எங்கள் கஸ்டமர் ஆபீசுக்குப் போகிறாள்."

வட்டம்.

லாட் மொத்தமும் ரிஜெக்ட். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது? அந்த மனிதர் பொய் சொல்லவில்லையே. தழும்பைக் கதையில் பார்த்தால் கைதட்டுவார்கள், கடையில் பார்த்தால் திருப்பிக் கொடுப்பார்கள். நானே என்ன செய்தேன்? கவசத்தைக் கொண்டுபோய் வியாபாரி தலையில் கட்டவில்லையா?

சாயங்காலம் கலா அக்காவின் லைனில் மெஷின்களுக்கு உறை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். "வேலை வந்தா சொல்லி அனுப்பறோம்" என்று ஆபீசில் சொல்லியாகிவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண்ணில் படாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"சார், அந்த டிராகனு... நெஜமாவே கொன்னுட்டீங்களா?"

"கொன்னுட்டேன்க்கா."

"அப்ப அந்த ஊர் ஜனங்கல்லாம் பொழச்சிக்கினாங்களா?"

"எல்லாரும் பொழச்சிட்டாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அந்த ஊருக்கு பஸ் இருக்குதா சார்?"