ஊர் கடலுக்குப் போகாத நாள்

அந்த நீச்சல் வளையம் சிவப்பு நிறம். கரையில் நின்று பார்த்தபோது அது ஒரு குங்குமப் பொட்டளவுக்குச் சிறுத்துவிட்டிருந்தது. அதற்குள் புஷ்பா டீச்சரின் மகள் கவிநிலா இருந்தாள். ஒன்பது வயது. ஒரே பிள்ளை. அவளை என் ஊருக்கு அழைத்து வந்தவள் நான்.

முத்துமாரி அம்மாளை நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இப்போதுதான் எழுத முடிகிறது.

நான் திருகோணமலையில் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா கடற்தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும். மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து இறங்கியவளுக்குக் கம்பளி தந்து, சோறு போட்டு, சொந்தத் தங்கை போலப் பார்த்துக்கொண்டவர் புஷ்பா டீச்சர். கணவரை இழந்தவர். தாயும் மகளும் அதுவரை கடலையே பார்த்ததில்லை. அதனால் போன வைகாசியில், எங்கள் அம்மன் கோயில் பொங்கலுக்கு இருவரையும் கூட்டி வந்தேன்.

எங்கள் கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. சத்தமில்லாத ஊர். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை மணலில் நடந்து பார்த்தார். "இவ்வளவு அழக வச்சுக்கிட்டு எங்க மலைக்கு ஏன் வந்தீங்க?" என்று பிறகு என்னைக் கேட்டார்.

பொங்கல் நாளில் எங்கள் ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. முதல் நாளே படகுகளை மேட்டுக்கு இழுத்துவிடுவார்கள். எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, சந்தனம் பூசி வைப்பார்கள். அன்று படகு தண்ணீரைத் தொடக்கூடாது.

வைகாசியில் எங்களுக்குக் கச்சான் காற்று. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையில் அலையே இருக்காது. கடல் குளம் போலக் கிடக்கும். ஆனால் மிதக்கிற எதையும் அந்தக் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். மலையிலிருந்து வருபவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அலையில்லாத கடலில் பயமில்லை என்று டீச்சர் நம்பிவிட்டார். நானும் அம்மாவும் விறகு எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம், முழங்காலளவு தண்ணீரில் நிற்கச் சொல்லி மகளை வளையத்தோடு இறக்கிவிட்டு, கரையில் அடுப்பிலிருந்த தன் பொங்கல் பானையைப் பார்த்திருக்கிறார். நிமிர்ந்தபோது பிள்ளை தூரத்தில்.

நான் திரும்பி வந்தபோது டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் காற்று பிள்ளையிடம் கொண்டுபோயிருக்கும். பிள்ளையின் குரல் எங்களிடம் வரவேயில்லை. நீந்திப் போன இரண்டு பேர் பாதியில் திரும்பிவிட்டார்கள். காற்றின் வேகத்தை நீந்திப் பிடிக்க ஏலாது.

நான் கோயில் வாசலில் போய் விழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், கோபத்தோடுதான் கும்பிட்டேன். உன்னைப் பார்க்க வந்த பிள்ளையல்லவா அம்மா? எங்கள் படகுகளை இன்றைக்குப் பார்த்து ஏன் கட்டிப்போட்டாய்? வேறு எந்த நாளாக இருந்தாலும் ஒரு படகாவது ஓடியிருக்குமே. டீச்சரின் முகத்தை இனி நான் எப்படிப் பார்ப்பேன்? அழுதேன், ஏசினேன், திரும்ப அழுதேன்.

அதற்குள் அப்பா பூசாரியிடம் வந்துவிட்டார். அந்த வருடம் அம்மாளின் பொங்கல் பானையைத் தலையில் சுமக்கும் முறை அப்பாவுடையது. அதற்காக விரதம் இருந்தார். கடலில் இறங்கினால் விரதம் போய்விடும். ஆனால் அவர் தன் விரதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. படகை இறக்கலாமா என்றுதான் கேட்டார்.

பூசாரி யோசிக்கவேயில்லை. "தொழிலுக்குத்தானே போகக்கூடாது எண்டது. ஆளை எடுக்கப் போறதை ஆர் மறிச்சது? ஓடுங்க."

ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்கள். அருகில் கிடந்த படகை மணலில் இழுக்காமல் அப்படியே தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு எஞ்சின் சந்தனப் பூச்சோடு வந்தது. "பயப்பிடாதிங்க டீச்சர். பிள்ளை வளையத்தை விடாட்டிச் சரி" என்று சொல்லிவிட்டு அப்பா ஏறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற நாட்களில் அந்த நேரத்தில் எங்கள் படகுகள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கும். கரையில் கருவாடு காயும், பெண்களும் சிறுபிள்ளைகளும் மட்டும் இருப்போம். எல்லாப் படகும் எல்லா ஆண்களும் கரையில் இருந்தது அந்த ஒரு நாள்தான். எதற்காக நான் அம்மாளை ஏசினேனோ, அதையே அவள் உதவியாக முதல் நாளே வரிசையாக இழுத்து வைத்திருந்தாள்.

படகு திரும்பியது. அப்பாவின் சால்வைக்குள் பிள்ளை விம்மிக்கொண்டிருந்தாள். வளையத்தைப் பிடித்த கை அப்படியே மடங்கிப்போயிருந்தது. அப்பா அவளை மணலில் இறக்கிவிட்டுக் கேட்டார்:

"இண்டைக்கு ஊரில ஒருத்தரும் கடலுக்குப் போகேல்ல, மகள். போனது நீ ஒருத்திதான். மீன் எங்க?"

அழுகையோடே சிரித்துவிட்டாள். டீச்சர் அப்பாவின் காலில் விழப் போனார். அப்பா விலகி நின்று கோயிலைக் காட்டினார்.

டீச்சரின் பானை அதற்குள் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. அதை எப்படிப் படைப்பது என்று அவர் கூசினார். பூசாரி அதைக் கேட்டு வாங்கி, அம்மாளுக்கு முன்னால் முதல் பானையாக வைத்தார். புகை மணத்த அந்தப் பொங்கலை நாங்கள் எல்லோரும் வாங்கிச் சாப்பிட்டோம். அம்மாளின் பானையை அப்பாவுக்குப் பதிலாகச் சித்தப்பா சுமந்தார். மனவருத்தமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு இந்த முறை அம்மாள் வேற பாரம் தந்தவ" என்றார்.

முன்பெல்லாம் பரீட்சைக்கும் நியமனத்துக்கும் மட்டும்தான் நான் அம்மாளிடம் போவேன். இப்போது காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன் ஒரு நிமிடம் சும்மா நன்றி சொல்கிறேன், ஒன்றும் கேட்பதில்லை. இந்த வைகாசிக்கும் டீச்சரும் மகளும் சல்லிக்கு வந்தார்கள். கவிநிலா தண்ணீரில் கால் வைக்கும் முன் காற்று எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டாள்.

நீங்களும் ஒருமுறை வாருங்கள். கச்சான் காலத்தில் குளம் போலக் கிடக்கும் எங்கள் கடலை மட்டும் நம்பிவிடாதீர்கள். அம்மாளை நம்புங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கும்பிடுங்கள். அவள் அதையும் கேட்பாள்.